ஆறேகால் சென்ட்

மூன்று எண்களை எழுதிவைத்தேன்,
வில்லங்கச் சான்றின் பின்பக்கத்தில், பென்சிலால்.
கேட்கப்போவது.
சம்மதிக்கலாம் என்பது.
அதைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டியது.
மூன்றாவதை இரண்டு தடவை அழித்து எழுதியதில்
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்துபோனது.

ஒரு மாதமாக இதே வேலை.
ஆடிச் சாரலில் குடையோடு போய்
எந்த மூலையில் தண்ணீர் கெட்டி நிற்கிறதென்று பார்த்தேன்.
பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தேன்:
லேசாக இரும்பு.
தென்னை நான்கு, ஒன்றில் குருத்தில்லை.
முன் ஆதாரம் மலையாளத்தில் இருந்தது.
பார்மசியில் நிற்கும் கொல்லங்கோட்டுக்காரி பிந்து
சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு வாசித்தாள்.
“நடைவழின்னுதான் போட்டிருக்கு பிள்ளே.
வண்டிவழி இல்ல.”
எனக்கு வண்டி கிடையாது.
அதை அவர்களிடம் சொல்லவேண்டிய அவசியமும் கிடையாது.

எக்ஸ்ரே அறையில் ஒத்திகை.
ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஷெர்லின்தான் புரோக்கர்.
நிஜப் புரோக்கரைவிட நன்றாகப் பொய் சொன்னாள்.
“மார்த்தாண்டம் பார்ட்டி ஒண்ணு ரொக்கத்தோட நிக்குது சிஸ்டரே”
என்றதும் எனக்கு வெப்ராளம் வந்து
மூணு அறுபது, மூணு அறுபது என்று கத்திவிட்டேன்.
மறுபடி முதலிலிருந்து.
நான்காம் தடவைதான்
“நல்லது, அவங்களுக்கே குடுங்க” என்று சொல்லி
வாயை மூட வந்தது.

ஞாயிறு, இரண்டாம் ஆராதனை முடிந்து,
வில்லுக்குறியில் நேசையன் வீட்டு முன்னறை.
“கூட ஆம்பளைங்க யாரும் வரலியா?”
வின்சிலாஸ் புரோக்கரின் முதல் கேள்வி.
இதற்கும் ஒத்திகை இருந்தது.
சிரித்தேன். சாயை குடித்தேன்.

சென்ட் நாலரை என்றார்கள்.
மூன்று என்றேன்.
மேசைக்கடியில் என் விரல்கள் மடங்கின, விரிந்தன.
பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கும்போது
மற்றவர்களுக்குச் சொல்வது:
மூடுங்க, திறங்க, அங்க பாக்காதீங்க, எறும்புக் கடிதான்.

மார்த்தாண்டம் பார்ட்டி வந்தது,
ஷெர்லினின் அதே இழுவையோடு.
“நல்லது. அவங்களுக்கே குடுங்க.”
பிரிட்ஜ் உறுமியது.
ரோட்டில் மீன்காரரின் ஹாரன் தேய்ந்து தேய்ந்து போனது.
சாயையில் ஆடை படிந்தது.
நாலரை நாலானது. நாலு மூணு எண்பதானது.
வியர்க்கிறதென்று நேசையன் எழுந்து
விசிறியைக் கூட்டக் கையை உயர்த்தினார்.
சட்டைக் கை மேலேறியது.

முழங்கை மடிப்பில் ஊதா.
நாலைந்து இடம். பழையது மஞ்சளாக, நேற்றையது கறுப்பாக.
எதுவோ ஒரு கத்துக்குட்டி குத்தியிருக்கிறது.
இத்தனை தரம் எதற்கு எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.
அவசரத்துக்கு விற்கிறார்.
மூணு பத்தில் நின்றால் போதும், தருவார்.
நடைவழி, இரும்புத் தண்ணீர், குருத்தில்லாத தென்னை,
எல்லாவற்றையும்விடப் பெரிய துருப்பு
கேட்காமலே கைக்கு வந்துவிட்டது.
ஷெர்லின் இதைச் சொல்லித்தரவில்லை.

“மூணு நாப்பது” என்றது என் குரல்,
ஊசியை வெளியே எடுக்கும்போது வருகிற குரல்.
“அதுக்கு மேல என்கிட்ட இல்ல.”
வின்சிலாஸ் அவரைப் பார்த்தார்.
அவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே
செரி என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது
“குத்தின எடத்தத் தேய்க்காதீங்க,
அமுத்திப் பிடிச்சாப் போதும்” என்றேன்.
அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கவில்லை.
கை அப்படி ஆடியது. பக்கத்துப் பையன் திறந்து தந்தான்.
இரக்கமா, இல்லை விலையே அதுதானா?
தாளை விரித்துப் பார்த்தேன்.
நடு எண் மூணு நாற்பதுதான்.
பார்த்தும் தீரவில்லை.

ராத்திரி போனில் ஷெர்லின் கணக்குப் போட்டாள்.
“மூணு இருபதுல முடிச்சிருக்கலாமேடி, எங்க விட்ட?”
ஒரு எடத்துல
நரம்பு கெடைக்கல, என்றேன்.